வெறும் வாய்

"என்கிட்ட உனக்குப் பிடிக்காதது ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடு, வாத்துக்குஞ்சு. நான் நிலக்கரி வண்டிக்காரன். மேசையில உக்காந்து எப்படித் தின்னணும், எப்படிக் குடிக்கணும்னு எங்க வீட்டுல யாரும் சொல்லித் தரல."

"ஒண்ணுமில்ல, எட்கர்."

"நிஜமா?"

"நிஜமாத்தான். டீ ஆறுது, குடி."

"ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொன்னாப் போதும். அப்புறம் செத்தாலும் அதைச் செய்ய மாட்டேன். ஆனா நீதான் சொல்லணும். நானா கண்டுபிடிக்கிற அளவுக்கு எனக்கு மூளை கிடையாது. இருந்த கொஞ்சத்தையும் கேப்டன் தின்னுட்டான்."

கேப்டன் என்பது குதிரை. கொல்லைப்புறத்தில் வண்டியோடு நின்று, வாயில் மாட்டிய கடிவாள இரும்பைக் கடித்துக்கொண்டிருந்தது. ஐவி சிரித்தாள். கல்யாணமாகி அன்று இரண்டாவது நாள். அவன் மகிழ்ச்சியோடு ரொட்டியை எடுத்துக் கடித்தான். அவள் சிரிப்பு முகத்திலேயே காய்ந்து போயிற்று.

எட்கருக்கு இருபத்தோரு வயது ஆனபோது அவன் அம்மா கொடுத்த பிறந்தநாள் பரிசு, வாயிலிருந்த பல் அத்தனையையும் பிடுங்கிவிட்டு ஒரு முழுப் பல்செட். வருகிற மனைவிக்குப் புருஷனின் பல்வலியோடு மாரடிக்கிற வேலை மிச்சம் என்று இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் தாய்மார்கள் அன்று அதைப் பெருமையாகவே செய்தார்கள். அந்தப் பல்செட் ஒருநாளும் அவன் ஈறோடு ஒட்டவில்லை. முதலில் மேல்வரிசையும் கீழ்வரிசையும் மோதும் ஒரு 'களக்'. பிறகு ஈரமாக, திறந்த வாயோடு, 'சவக், சவக், சவக்'. நழுவும் பல்தட்டை நாக்கால் மேலே இழுத்துக்கொள்ளும் ஓர் உறிஞ்சல். மறுபடி 'களக்'. முப்பத்திரண்டு வருஷம், தினமும் நாலு மணித் தேநீருக்கு, எதிர் நாற்காலியிலிருந்து அவளுக்கு அது கேட்டது.

அவள் சொல்லவில்லை. ஒருவர் தின்பதைக் குறை சொல்வது, தின்பவரின் அநாகரிகத்தைவிடப் பெரிய அநாகரிகம் என்று அவள் அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். தவிர, எட்கர் நல்லவன். குளிரில் அவள் காலணிகளை அடுப்பருகே வைத்துச் சூடாக்கித் தருவான். அப்படிப்பட்டவனிடம் எப்படிச் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். பத்து வருஷம் போன பின்னால் சொன்னால், 'பத்து வருஷமாவா?' என்று அவன் முகம் சுருங்கிவிடுமே என்று பயந்தாள். இருபது வருஷம் கழித்து அந்தப் பயமும் இரண்டு மடங்காயிற்று.

செப்டம்பரில் அவன் படுக்கையில் கிடந்தபோது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "ஏதாச்சும் சொல்லணுமா, வாத்துக்குஞ்சு?"

"ஒண்ணுமில்ல, எட்கர்."

அவன் அவளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பார்த்த கடைசிப் பார்வை அதுதான்.

இப்போது நவம்பர். திங்கட்கிழமை.

நாலு மணிக்கே ஜன்னலில் இருட்டு வந்து உட்கார்ந்துவிட்டது. ஐவி விளக்கைப் போட்டு, கெட்டிலை இறக்கி, ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு ரொட்டித் துண்டு என்று வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேசையில் ஆக்ஸ்ஃபோர்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கடிதம் கிடந்தது. எட்கர் தின்னும்போது மனத்தை வேறெங்காவது திருப்பவென்று ஆரம்பத்தில் ஒரு புத்தகத்தை முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கியவள் அவள். படித்ததில் கண்ணில் பட்ட சொற்களைச் சின்னச் சீட்டுகளில் எழுதி, பொருளும் ஒரு வாக்கியமும் சேர்த்து, ஓர் அகராதி அலுவலகத்துக்கு அனுப்புவது பிறகு பழக்கமாயிற்று. பதினெட்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கான சீட்டுகள். எல்லாச் சொல்லும் எழுதியிருக்கிறாள், ஒன்றைத் தவிர. இப்போது அதைத்தான் கேட்டிருந்தார்கள்.

'அன்புள்ள மிஸஸ் பெடோஸ்,' என்று எழுதியிருந்தார் உதவி ஆசிரியர் ஹேல். '"சாம்ப்" என்ற சொல்லுக்குச் "சத்தமாக மெல்லுதல்" என்று போட்டு வைத்திருக்கிறோம். அது போதுமா என்று எனக்குச் சந்தேகம். "மன்ச்" என்பதும் சத்தமாக மெல்லுவதுதானே? இரண்டும் எங்கே பிரிகின்றன? வாயில் உணவு இருந்தாக வேண்டுமா? உங்கள் ஊர் வழக்கை எழுதி வெள்ளிக்கிழமை மாலைத் தபாலில் சேர்த்தால் உதவியாக இருக்கும்.'

அவள் ஒரு சீட்டை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள்.

களக்.

ஐவி நிமிர்ந்தாள்.

சவக். சவக். சவக். ஈரமான, அவசரமில்லாத சத்தம். அப்புறம் அந்த உறிஞ்சல்.

எதிர் நாற்காலி, மேசையோடு ஒட்டித் தள்ளி வைத்தபடியே, காலியாக இருந்தது. அடுப்பில் கரி சரிந்தது. சத்தம் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லிசு, மிஸஸ் பிரீஸும் நாலு மணிக்குத்தானே டீ குடிப்பாள் என்று சொல்லிக்கொண்டு ஐவி ரொட்டியைக் கையில் எடுத்தாள். தாடை வலித்தது. சாயங்காலக் காற்று பட்டிருக்கும். ரொட்டியைத் திரும்ப வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை கொல்லைச் சுவருக்கு மேலே மிஸஸ் பிரீஸின் தலை தெரிந்தது. எழுபத்தெட்டு வயது. அந்தத் தெருவின் குழந்தைகளில் பாதியைப் பிறந்தபோது கையில் வாங்கியவள், செத்தவர்களில் முக்கால்வாசியைக் குளிப்பாட்டியவள்.

"நேத்து நாலு மணிக்கு என்ன சாப்பிட்டீங்க, மிஸஸ் பிரீஸ்?"

"நானா? பால்ல ஊறப்போட்ட ரொட்டி. வேற என்னத்தத் தின்ன? எனக்குப் பல்லு போயி இருபது வருஷம் ஆகுது. ஏன், வாசனை வந்துச்சா?"

"சத்தம் வந்துது."

"பாலும் ரொட்டியும் சத்தம் போட்டா அதைப் பாதிரியார்கிட்டதாண்டி கொண்டு போகணும்." அவள் பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். பிறகு ஐவியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "என்ன மாதிரிச் சத்தம்?"

ஐவி தலையைத் திருப்பி மாடி ஜன்னலைப் பார்த்தாள். கிழவிக்கு அதுவே போதுமாக இருந்தது.

"அந்தப் பல்செட்டை என்ன பண்ணின?"

"மாடியில இருக்கு. தம்ளர்ல."

"நான் அன்னிக்கே கேட்டேன். எட்கரைக் குளிப்பாட்டிக் கோட்டு மாட்டினப்போ, 'பல்லைப் போடட்டுமா ஐவி'ன்னு கேட்டேன். வேணாம்னுட்ட. கன்னம் ரெண்டும் குழிஞ்சு போயி, ஆளு எட்கர் மாதிரியே இல்ல. எதுக்குடி வேணாம்னு சொன்ன?"

"அவருக்கு அது எப்பவும் உறுத்தும், மிஸஸ் பிரீஸ்."

அது பொய். சவப்பெட்டியில் கிடந்த அந்த முகத்தைப் பார்த்தபோது ஐவிக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. இனிமேலாவது மெல்லாமல் இரு.

"எங்கம்மா, விழுந்த பல்லை உப்புப் போட்டு அடுப்புல எறியச் சொல்லுவா," என்றாள் கிழவி. "எறியலேன்னா, செத்தப்புறம் அதைத் தேடிக்கிட்டு வரணுமாம்."

"அது ஈறுல முளைச்ச பல்லுக்கு. இது ரப்பரும் பீங்கானும்."

"தேடறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமாடி?"

ஐவி மாடிக்குப் போனாள். படுக்கையறையில் அடைத்த ஜன்னலின் குளிரும் பழைய கம்பளி வாசனையும் இருந்தன. படுக்கைக்குப் பக்கத்தில், எட்கர் படுக்கும் பக்கத்தில், அந்தத் தம்ளர். ஏழு வாரமாக அவள் அதைத் தொடவில்லை, நேராகப் பார்க்கவுமில்லை. தண்ணீர் வற்றி அடியில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் படிந்திருந்தது. ஆனால் பற்கள் ஈரமாக இருந்தன. அவள் குனிந்தாள். கீழ்வரிசையில், இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே ஏதோ சிக்கியிருந்தது. ரொட்டிப் பொருக்கு. அதோடு மர்மலேடின் ஓர் ஆரஞ்சுத் தோல், மெல்லியதாக, இன்னும் பளபளப்பாக.

மர்மலேடு ஜாடியை அவள் நேற்றுதான் திறந்திருந்தாள்.

புதன்கிழமை அடுப்பில் கரியை நிறையக் கொட்டினாள். இடுக்கியால் பல்செட்டைத் தூக்கிப் போட்டு, மேலே கை நிறைய உப்பை வீசினாள். தீ மஞ்சளாக எழும்பியது. ரப்பர் கருகும் நாற்றம் சமையலறை முழுக்க எண்ணெய்போலப் படர்ந்து அவள் தலைமுடியிலும் திரைச்சீலையிலும் ஏறிக்கொண்டது. உள்ளே சூடு தாங்காமல் பற்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. டப். டப். டப். அவள் காதைப் பொத்திக்கொண்டு, கொல்லையில் கேப்டனின் தொழுவம் இருந்த மூலையில், குதிரையை விற்ற பின்னாலும் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்த கடிவாளத்தின் கீழே போய் நின்றாள். துருப்பிடித்த இரும்பு. நடுவில் அது தேய்ந்து இளைத்துப் போயிருந்தது. பதினாலு வருஷம் ஒரு குதிரை, வயிற்றுக்குள் ஒன்றும் போகாமல், சும்மா மென்றே தேய்த்த இரும்பு.

உள்ளே வந்து சீட்டில் எழுதினாள்.

'மன்ச்: தின்பவருக்கு ருசிக்கிறது. உணவு இருந்தாக வேண்டும். சாம்ப்: உணவு தேவையில்லை. கடிவாளம் பூட்டிய குதிரை இரும்பைச் சாம்ப் செய்யும். பொறுமை போனவர்கள், கேட்டது கிடைக்காமல் காத்திருப்பவர்கள், இவர்களைச் சொல்லவும் இச்சொல் வரும்.'

எழுதியதைத் திரும்பப் படித்தாள். கடைசி வரியை அடிக்கலாமா என்று நினைத்தாள். கடிகாரம் நாலு அடித்தது.

களக் இல்லை.

நிம்மதியில் அவள் தோள்கள் தளர்ந்தன. கோப்பையை உதட்டருகே கொண்டுபோனாள். அப்போது அது ஆரம்பித்தது. பல் இல்லாமல். ஈறும் ஈறும் ஒட்டி, மெதுவாகப் பிரிந்து, மறுபடி ஒட்டும் சத்தம். சேற்றில் புதைந்த காலணியை இழுத்து எடுப்பதுபோல. சவ...க். சவ...க். எதிர் நாற்காலியிலிருந்து இல்லை. அவளுக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து.

வியாழக்கிழமை அவள் மேசையில் உட்காரவில்லை. அடுப்பருகே நின்றபடி டீயைக் குடித்தாள். நின்றாலும் வந்தது. தோளுக்குப் பின்னால். கழுத்தில் மூச்சு படவில்லை, குளிரவில்லை, யாரும் தொடவில்லை. சத்தம் மட்டும். அந்த உறிஞ்சல்கூட அப்படியே இருந்தது. பிடித்திழுக்கப் பல்தட்டு இல்லாமலே நாக்கு மேலே போய் எதையோ தேடித் திரும்பியது.

சுவரை யாரோ தட்டினார்கள்.

"ஐவி! ஏண்டி ஐவி!" மிஸஸ் பிரீஸின் குரல் செங்கல் வழியாக மங்கலாக வந்தது. "அரை மணி நேரமா அப்படி என்னத்தடி தின்னுக்கிட்டிருக்க? எனக்கு இங்க சுவரு முழுக்கக் கேக்குது!"

ஐவி தன் கையைப் பார்த்தாள். கோப்பை மட்டும்தான் இருந்தது.

"ஒண்ணுமில்ல, மிஸஸ் பிரீஸ்," என்றாள்.

அன்று ராத்திரி தாடை வலி காதுவரை ஏறியது. கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு படுத்தாள். எட்கரை நினைத்தாள். பயத்தோடு இல்லை, முதல் தடவையாகக் கோபத்தோடு. ஏன் நீயாகக் கண்டுபிடிக்கவில்லை? முப்பத்திரண்டு வருஷம் நான் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்ததை நீ பார்க்கவே இல்லையா? பிறகு அந்தக் கடைசிப் பார்வை நினைவுக்கு வந்தது. ஏதாச்சும் சொல்லணுமா, வாத்துக்குஞ்சு? அவன் பார்த்திருந்தான். எத்தனை வருஷமாக என்று தெரியாது. அவள் சொல்வாள் என்று காத்திருந்திருக்கிறான். காத்துக்கொண்டேதான் செத்திருக்கிறான்.

கேட்டது கிடைக்காமல் காத்திருப்பவர்கள்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவன் பல்லைத் தேடி வரவில்லை.

வெள்ளிக்கிழமை. ஐந்து மணித் தபாலுக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. காலையிலிருந்தே அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள். நல்ல மேசைவிரிப்பைப் போட்டாள். இரண்டு கோப்பை, இரண்டு தட்டு, இரண்டிலும் மர்மலேடு தடவிய ரொட்டி. எதிர் நாற்காலியை வெளியே இழுத்து வைத்தாள். கல்யாணத்துக்கு அடுத்த நாள் போட்டிருந்த நீலக் கவுன் இப்போது இடுப்பில் ஏறாது. அதன் கழுத்துப் பட்டியில் குத்தியிருந்த வெள்ளி அலங்கார ஊசியை மட்டும் எடுத்து இன்றைய உடுப்பில் குத்திக்கொண்டாள். அன்று சொல்லாததை இன்று சொல்லப்போகிறாள். ஒரே ஒரு தடவை. கோபமில்லாமல், மரியாதையாக. அப்புறம் இருவருக்கும் நிம்மதி.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தபால் உறை எழுதித் தயாராக இருந்தது. அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

நாலு.

ஒன்றும் இல்லை.

நாலு மணி ஐந்து நிமிஷம். அடுப்பில் கரி விரிந்து சிணுங்கியது. ஜன்னலில் மழை. டீயின் ஆவி இரண்டு கோப்பைகளிலிருந்தும் நேராக எழுந்து விளக்கடியில் கலைந்தது.

"எட்கர், இருக்கியா?" என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. கேட்பது முட்டாள்தனம் என்று பட்டது.

பிறகு அது வந்தது.

சவக். சவக். சவக்.

எதிரில் இல்லை. பக்கத்தில் இல்லை. பின்னால் இல்லை. அவள் தலையைத் திருப்பினாள். சத்தமும் கூடவே திரும்பியது. எழுந்தாள். அதுவும் எழுந்தது. காதைப் பொத்தினாள். பொத்தியதும் இன்னும் பெரிதாகக் கேட்டது, கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல. எலும்பு வழியாக.

எங்கே?

இருட்டு ஜன்னலில் சமையலறை தெரிந்தது. விளக்கு. மேசைவிரிப்பு. யாருமில்லாத நாற்காலி. தொடாத இரண்டு ரொட்டிகள். நடுவில் வெள்ளி ஊசி குத்திய ஒரு பெண்.

அவள் வாய் திறந்திருந்தது.

தாடை அசைந்துகொண்டிருந்தது. இடமிருந்து வலம். வலமிருந்து இடம். மெதுவாக, திருப்தியாக, அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரிந்த அதே விதமாக. களக் என்று பல்லோடு பல் மோதியது. அவளுடைய பல். நாக்கு தானாக மேலே போய் இல்லாத ஒரு பல்தட்டை உறிஞ்சி இழுத்தது. உதட்டோரம் எச்சில் வழிந்தது. எத்தனை நேரமாக? எத்தனை நாளாக? திங்கட்கிழமையிலிருந்து வலித்த தாடை.

அவள் கையால் தாடையைப் பிடித்தாள். கைக்குள் அது அசைந்தது.

அவள் சொல்ல வேண்டும். அவள்தான் சொல்ல வேண்டும். ஒரே ஒரு தடவை. அவன் வாக்குக் கொடுத்திருக்கிறான். கொடுத்த வாக்கை அவன் ஒருநாளும் மீறியதில்லை. மென்றுகொண்டிருக்கும் வாயிலிருந்து சொற்களை இழுத்து வெளியே போட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாக. ஈரமாக. நசுங்கி.

"எட்கர்..."

சவக்.

"தயவு செஞ்சு..."

சவக். சவக்.

"வாயை மூடிட்டு மெல்லு."

சத்தம் நின்றது.

மழை கேட்டது. கடிகாரம் கேட்டது. முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, அவள் கேட்டு வாங்கிய அமைதி அந்த மேசையில் இருந்தது.

ஜன்னலில், அவள் உதடுகள் ஒன்றோடொன்று பொருந்தி மூடிக்கொண்டிருந்தன. நேர்த்தியாக, அவள் அம்மா சொல்லிக் கொடுத்தபடி. அவள் மூடவில்லை. திறக்கப் பார்த்தாள். விரல்களை இடுக்கில் நுழைத்து இழுத்தாள். தையல் போட்டதுபோல் இருந்தன.

மூடிய உதடுகளுக்குப் பின்னால் தாடை மறுபடி அசையத் தொடங்கியது. சத்தமே இல்லாமல். பொறுமையாக. அந்த வாயில் மெல்லுவதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை, இப்போது பேசி முடித்த நாக்கைத் தவிர.